தலையாட்டுவதை நிறுத்துங்கள், தங்கச்சி

வாசகி கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 31 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் ஏழு வருடம் வேலை பார்த்தேன், கடைசி இரண்டு வருடம் ஷிப்ட் இன்சார்ஜ். இங்கிலாந்தில் யார்க்ஷயருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இங்கே நர்ஸாகப் பதிவு செய்யத் தேவையான ஆஸ்கி செய்முறைத் தேர்வு முதல் தடவையிலேயே பாஸ். ஆனால் வார்டில் என்னை ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடத்துகிறார்கள். ஐ.வி. மருந்து போடவே பல வாரம் விடவில்லை. நோயாளிகளைத் துடைத்துவிடுவது, பெட்பேன் எடுப்பது எல்லாம் என் வேலையாக இருக்கிறது. ஹெச்.சி.ஏ. எனப்படும் உதவியாளர்கள் நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் ‘ரூடாக’ப் பேசுகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லியும் இருக்கிறார்கள். நான் யாரையும் அதட்டியதே இல்லை அக்கா.

போன மாதம் ஒரு நைட் ட்யூட்டியில், நிமோனியாவோடு இருந்த ஒரு தாத்தாவுக்கு இரண்டு மணிக்கு நியூஸ் ஸ்கோர் (உடல்நிலை எவ்வளவு மோசமாகிறது என்று காட்டும் மதிப்பெண்) 5 வந்தது. மூச்சு 22, ஆக்சிஜன் 95, பல்ஸ் 104, காய்ச்சல் 38.2. டாக்டருக்கு பேஜரில் பிளீப் செய்தேன். “வேறு வார்டில் இருக்கிறேன், வருகிறேன்” என்றார். திரும்பவும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். நாலு மணிக்கு ஸ்கோர் 9. அப்புறம் எல்லாரும் ஓடி வந்து ஹெச்.டி.யு. என்கிற தீவிரக் கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் காலையில் வந்த சிஸ்டர் டேட்டிக்ஸ் ரிப்போர்ட் போட்டுவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை மேனேஜரோடு மீட்டிங். என் பின் நம்பர் (நர்ஸ் பதிவு எண்) போய்விடுமா? பெண் குழந்தைக்கு நாலு வயது, அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று இருக்கிறது.

பி.கு.: ஸ்டாஃப் ரூம் மைக்ரோவேவில் கருவாட்டுக் குழம்பு சூடு பண்ணலாமா?

– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் பயத்தை இறக்கி வைப்போம். நம் ஊர் ஆஸ்பத்திரியில் ‘மெமோ’ என்ற வார்த்தைக்கு ஒரு நடுக்கம் உண்டு. சூப்பரின்டெண்டென்ட் ரூமுக்குக் கூப்பிடுவார்கள், எக்ஸ்ப்ளனேஷன் எழுதிக் கொடு என்பார்கள், சம்பளத்தில் கை வைப்பார்கள். நீங்கள் டேட்டிக்ஸ் என்பதை மனசுக்குள் மெமோ என்று மொழிபெயர்த்துக்கொண்டீர்கள். அது மெமோ இல்லை. அது சம்பவங்களைப் பதிவு செய்கிற ஒரு சாஃப்ட்வேரின் பெயர். நோயாளி கீழே விழுந்தால் டேட்டிக்ஸ், மருந்து ஃபிரிட்ஜ் சூடாகிவிட்டால் டேட்டிக்ஸ், ராத்திரி ஆள் பற்றாக்குறை என்றாலும் டேட்டிக்ஸ். அதில் கேட்பது ‘என்ன நடந்தது’ என்றுதான். நான் போட்டது எத்தனையோ இருக்கும், நான் சம்பந்தப்பட்ட சம்பவத்துக்கு மற்றவர்கள் போட்டதும் இருக்கிறது. ஒரு டேட்டிக்ஸ் தானாக நடந்து, நர்ஸ் பதிவைக் கவனிக்கும் என்.எம்.சி.க்குப் போய் உங்கள் பின் நம்பரை அழித்துவிடாது. அது வேறு வழி, வேறு அளவிலான தவறுகளுக்கான வழி.

ஆனால் உங்கள் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் உங்களுக்கு நல்லதும் இல்லை.

நீங்கள் எழுதிய எண்களைக் கூட்டிப் பார்த்தேன். மூச்சு 22க்கு இரண்டு, ஆக்சிஜன் 95க்கு ஒன்று, பல்ஸுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. சரியாக 5. கணக்கு சரி. 5 என்றால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி எல்லாம் எடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டு மணி இருக்கிறது, நாலு மணி இருக்கிறது. மூன்று மணி எங்கே? நீங்கள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஐ.சி.யு. கை சும்மா இருக்காது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியிருப்பீர்கள், ஜன்னல் பக்கம் போர்வையை இழுத்துவிட்டிருப்பீர்கள், மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றிருப்பீர்கள். நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தீர்கள். ஆனால் பார்த்தது சார்ட்டில் இல்லை, வேறு யார் காதிலும் இல்லை. நைட் இன்சார்ஜுக்குக்கூடச் சொன்னதாக எழுதவில்லை.

‘திரும்பவும் தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கடிதம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. அது உங்கள் குறை இல்லை, நாம் வளர்ந்த விதம். நம் ஊரில் ரவுண்ட்ஸ் எப்படி நடக்கும்? சீஃப் முன்னால், அவருக்குப் பின்னால் பி.ஜி. டாக்டர்கள், கடைசியில் கேஸ் ஷீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாம். கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். டாக்டருக்கு ராத்திரி ஒரு போன் போட்டதே பெரிது, இரண்டாவது போன் போட்டால் ‘இவளுக்கு ஒன்றும் தெரியாது’ என்று பெயர் வரும். அதனால் நல்ல நர்ஸ் என்றால் சத்தம் இல்லாமல் சமாளிப்பவள். உங்களை இன்சார்ஜ் ஆக்கியதும் அந்தக் குணத்துக்காகத்தான் இருக்கும். இங்கே அதே குணத்தை ஆபத்து என்று பார்க்கிறார்கள்.

நான் 2004இல் ஒரு மெடிக்கல் வார்டில் இருந்தேன். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட் ஒரு பாட்டிக்கு கோ-அமாக்சிக்ளாவ் (பென்சிலின் வகை மருந்து) எழுதினார். அதே சார்ட்டின் மூலையில் பென்சிலின் அலர்ஜி என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்தது. வாய் வரை வந்தது. பேசவில்லை. ரவுண்ட்ஸ் நாலு கட்டில் தள்ளிப் போன பிறகு சிஸ்டரின் காதில் ரகசியமாகச் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, “இதை ஏன் என்னிடம் சொல்கிறாய்? அவர் அங்கேதானே நிற்கிறார்” என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். நான் திக்கித் திணறிச் சொன்னேன். அந்த டாக்டர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. “ரைட்” என்று சொல்லி, அடித்துவிட்டு, வேறு மருந்து எழுதிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று சாயங்காலம் வரை கை நடுங்கியது.

இங்கே இதை இவ்வளவு கறாராகப் பிடிப்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாஃபோர்டு என்ற ஊர். அங்கே மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் ட்ரஸ்ட் என்ற அரசு நிர்வாக அமைப்பின் மருத்துவமனையில் 2005க்கும் 2009க்கும் இடையில் நோயாளிகள் கவனிப்பாரில்லாமல் தவித்தார்கள், அநியாயமாக உயிர்கள் போயின. ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் விசாரித்து 2013இல் அறிக்கை கொடுத்தார். கெட்ட ஆட்களைவிட, பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள்தான் அதில் அதிகம். பேசியவர்களும் இருந்தார்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்த ஹெலீன் டோனலி திரும்பத் திரும்பப் புகார் எழுதினார், அதற்காகச் சக ஊழியர்களின் மிரட்டலுக்கும் ஆளானார். அந்த விசாரணைக்குப் பிறகுதான் தப்பு நடந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று 2014இல் சட்டம் வந்தது. பேசுகிறவர்களுக்குத் துணையாக ‘ஃபிரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன்’ என்ற பதவியும் வந்தது. உங்கள் மருத்துவமனையிலும் ஒருவர் இருப்பார், நோட்டீஸ் போர்டில் படம் இருக்கும். அதனால் அந்தச் சிஸ்டர் டேட்டிக்ஸ் போட்டது உங்கள் மேல் கோபத்தில் என்று நினைக்காதீர்கள். போடாமல் விட்டிருந்தால் அவரைக் கேட்டிருப்பார்கள்.

இனிமேல் போனில் எப்படிப் பேசுவது என்று சொல்கிறேன். எஸ்.பி.ஏ.ஆர். (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கு எழுத்தில் தகவல் சொல்கிற முறை) உங்களுக்குத் தெரியும், ஆஸ்கிக்காக உருப்போட்டிருப்பீர்கள். பிரச்சினை உருப்போட்டதில் இல்லை, கடைசி எழுத்தில். நம் ஆட்கள் முதல் மூன்றையும் அழகாகச் சொல்லிவிட்டு நான்காவதில், அதாவது ‘எனக்கு என்ன வேண்டும்’ என்ற இடத்தில், மௌனமாகிவிடுவார்கள். டாக்டருக்கு நாம் எப்படி உத்தரவு போடுவது என்று கூச்சம். கூச்சப்படாதீர்கள். தமிழில் சொல்கிறேன், நீங்கள் இங்கிலீஷில் சொல்லிக்கொள்ளுங்கள்: “ஆறாவது கட்டில், நிமோனியா, நியூஸ் 5, போன தடவை 2 இருந்தது. எனக்குக் கவலையாக இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். முடியாது என்றால் சொல்லுங்கள், நான் ரெஜிஸ்ட்ராருக்கு (மேல்நிலை டாக்டர்) போன் செய்கிறேன். அதுவரை என்ன செய்யட்டும்?” அப்புறம் அவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துவிடுங்கள். ‘ஐ ஆம் கன்சர்ன்ட்’ என்ற மூன்று வார்த்தைக்கு இங்கே எடை அதிகம். ‘கொஞ்சம் மூச்சு வாங்குது டாக்டர்’ என்பதற்கு எடையே கிடையாது. அரை மணியில் அவர் வராவிட்டால் நைட் இன்சார்ஜ், ரெஜிஸ்ட்ரார், அவுட்ரீச் டீம் (மோசமாகிற நோயாளியை வார்டுக்கே வந்து பார்க்கும் குழு) என்று வரிசையாக எழுப்புங்கள். ஒருத்தரும் திட்ட மாட்டார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன், தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழுகிறவர்கள் இங்கேயும் உண்டு. திட்டினால் திட்டட்டும். சார்ட்டில் உங்கள் நேரம் இருக்கும்.

அடுத்தது தலையாட்டுவது. நாம் யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவோம். ‘காதில் விழுகிறது, சொல்லுங்கள்’ என்பதுதான் நமக்கு அர்த்தம். இவர்களுக்கோ ஒன்று அது ‘புரிந்துவிட்டது’ என்று ஆகிவிடும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஆடுகிற தலையைப் பார்த்து ‘இல்லை என்கிறாளோ’ என்று குழம்புவார்கள். ஷிப்ட் மாறும்போது நடக்கிற ஹேண்டோவரில் ஒரு சுருக்கச் சொல் புரியவில்லை என்றால் அப்போதே கையைத் தூக்கிக் கேளுங்கள். ஏழு மாதம் ஆகிவிட்டதே, இன்னுமா கேட்பது என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்ப் பேச்சு எனக்கே வருடக்கணக்கில் சறுக்கியது. ஒரு யார்க்ஷயர்த் தாத்தா ‘ஐ ஆம் ஸ்டார்வ்ட்’ என்றார். பாவம், பசிக்கிறது போல என்று ஓடிப் போய் சாண்ட்விச் கொண்டு வந்தேன். அவருக்கு வேண்டியது போர்வை. அந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அந்த வார்த்தை குளிரைக் குறிக்கும். ‘வைல்’ என்று சொன்னால் ‘வரைக்கும்’ என்று அர்த்தம் வரும், இதில் மட்டும் ஜாக்கிரதை. ‘நத்திங் டு ஈட் வைல் டூ’ என்றால் இரண்டு மணி வரை சாப்பாடு கிடையாது. ஒரு பாட்டி ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் கடைக்குப் போக வேண்டும் என்பதில்லை, பாத்ரூம் போக வேண்டும்.

ரூடாகப் பேசுகிறேன் என்கிறார்களே என்று நீங்கள் அழுதிருப்பீர்கள். இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். தமிழில் நாம் ‘ப்ளீஸ்’ சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ‘அந்தத் துண்டை எடுத்துக் கொடுங்க’ என்று சொன்னால் அந்த ‘ங்க’ என்ற ஒற்றை ஒலியில் மரியாதை, பணிவு, ‘சிரமத்துக்கு மன்னிக்கணும்’ எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. அதையே மனசுக்குள் மொழிபெயர்த்து ‘கிவ் மீ த டவல்’ என்று சொல்லும்போது ‘ங்க’ வழியில் எங்கேயோ விழுந்துவிடுகிறது. உங்கள் காதுக்கு நீங்கள் பணிவாகத்தான் பேசினீர்கள். கேட்டவள் காதுக்கு அது ‘துண்டைக் கொடுடி’. இப்போது புரிகிறதா, ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று? விழுந்து போன அந்த ‘ங்க’வை இங்கிலீஷில் ‘குட் யு’, ‘உட் யு மைண்ட்’, ‘வென் யு ஹேவ் எ மினிட்’ போன்றவைதான் சுமக்கின்றன. வாக்கியம் நீளமாக இருக்கிறதே, நேரம் போகிறதே என்று பார்க்காதீர்கள். அப்புறம் நன்றி. வீட்டில் அக்கா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தால் நாம் தேங்க்ஸ் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள், என்ன நீ வேற்றாள் மாதிரி என்பாள். இங்கே ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டால்கூட.

இதையே திருப்பியும் பாருங்கள். மேனேஜர் உங்களிடம் ‘இதை இப்படிச் செய்து பார்க்கலாமே’ என்று இனிமையாகச் சொன்னால் அது யோசனை இல்லை, உத்தரவு. ‘நானாக இருந்தால் கொஞ்சம் வேறு மாதிரி செய்திருப்பேன்’ என்றால் நீங்கள் செய்தது தப்பு. நம் ஊரில் சத்தம் போட்டுச் சொல்வதை இவர்கள் சர்க்கரை தடவிச் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் இது எதுவுமே நம் காதில் ஏறாது, மூன்றாவது தடவை கடிதமாக வரும்போதுதான் தூக்கிவாரிப் போடும்.

ஹெச்.சி.ஏ.க்களைப் பற்றி இன்னொன்று. அவர்களை ஆயாம்மா என்று நினைத்துவிடாதீர்கள் (ஆயாம்மாக்களையும் நாம் நடத்துகிற விதம் சரியில்லை, அது வேறு கதை). அந்த வார்டில் 20 வருடம் இருந்தவர் இருப்பார், எந்தத் தாத்தா ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து நடப்பார் என்பது வரை அவருக்குத் தெரியும். ‘இதைச் செய்’ என்பதைவிட ‘இவரை எப்படித் திருப்புவது நல்லது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்’ என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

துடைத்துவிடுகிற வேலை. நம் ஊரில் அதை அட்டெண்டராக நிற்கிற மகளோ மருமகளோ செய்வாள், இல்லை ஆயாம்மா செய்வாள். நாம் ஊசி, மருந்து, சார்ட். அதனால் தண்ணீர்ப் பேசினைக் கையில் எடுத்ததும் பதவி இறங்கிவிட்ட மாதிரி நெஞ்சை அடைக்கும். எனக்கும் அடைத்தது. ஒரு நாள் ஒரு பெரியவருக்குக் கால் துடைத்துக்கொண்டிருந்தேன். சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் அந்தச் சாக்ஸ் கழற்றப்படாமல் இருந்திருந்தால் அது புண்ணாகி, குழியாகி, அவர் வீட்டுக்குப் போவது மாதக் கணக்கில் தள்ளிப்போயிருக்கும். மூச்சு வாங்குகிறதா, புரண்டு படுக்கும்போது எங்கே வலிக்கிறது, நேற்றுப் பேசியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறதா என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது எந்த மானிட்டரிலும் வராது. அதைச் செய்யும்போது ‘துடைக்கிறேன், சரியா?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விவரம் புரிந்து முடிவெடுக்கிற நிலையில் இருக்கிற நோயாளி, நமக்கு முட்டாள்தனமாகத் தெரிகிற முடிவை எடுத்தாலும் அது அவர் உரிமை என்று 2005ஆம் ஆண்டின் மனத் திறன் சட்டம் சொல்கிறது. புற்றுநோய் என்பதைக்கூட முதலில் அவரிடம்தான் சொல்வார்கள், மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிற பழக்கம் இங்கே செல்லாது.

ஐ.வி. போட விடாததும் உங்களை மட்டம் தட்டுவதற்கு இல்லை. பொதுவாக எல்லாரையும் அந்த ட்ரஸ்டின் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் விடுவார்கள், லண்டனிலிருந்து மாற்றலாகி வருகிற வெள்ளைக்கார நர்ஸையும்கூட. அதில் நியாயமும் இருக்கிறது. மதுரையில் சுகர் 58 என்று யாராவது கத்தினால் உங்கள் கை யோசிக்காமல் டெக்ஸ்ட்ரோஸை எடுத்திருக்கும். இங்கே அளவு வேறு, அதே சுகர் 3.2 என்று வரும். மூளை ஒரு நொடி நின்று 18ஆல் பெருக்கிப் பார்க்கும். அந்த ஒரு நொடி மறைகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். 4க்குக் கீழே போனால் கையை நீட்டு என்று மட்டும் மனசில் பதித்துக்கொண்டால் போதும், பெருக்கல் தானாக நின்றுவிடும்.

பிரேக் ரூமில் பேச ஆள் இல்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதத்தில் ஒரு நண்பர் பெயரும் இல்லை. இங்கே நட்புக்கு வழி டீ. கெட்டிலைப் போடும்போது ‘யாருக்காவது டீ வேண்டுமா?’ என்று கேட்டே ஆக வேண்டும். தனக்கு மட்டும் போட்டுக்கொள்வது சின்னக் குற்றம் மாதிரி. யாருக்குப் பால் அதிகம், யாருக்குச் சர்க்கரை இரண்டு என்று ஞாபகம் வைத்துக்கொண்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. ‘ஆர் யு ஆல்ரைட்?’ என்று நடந்துகொண்டே கேட்பார்கள், அது வணக்கம் மாதிரி. நின்று பதில் சொல்லத் தொடங்காதீர்கள்.

உங்கள் பெயரில் ‘ழ’ இருக்கிறது என்பதைக் கையெழுத்தில் பார்த்தேன். அவர்கள் அதை எப்படிச் சிதைக்கிறார்கள் என்று ஊகிக்க முடிகிறது. சுருக்கிக் கூப்பிட நீங்களே ஒரு பெயர் கொடுப்பதும் சரி, முழுப் பெயரையும் சொல்லிக் கொடுப்பதும் சரி. அவர்களாக வைத்த பெயருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பழக்கம் இல்லாததால் வருகிற அசௌகரியம் வேறு, நிறத்தைப் பார்த்து வருகிற பாகுபாடு வேறு. இரண்டாவது இங்கே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். ஒழுங்கு நடவடிக்கைக்குள் இழுக்கப்படுவது வெள்ளையர் அல்லாத ஊழியர்களுக்கே அதிகம் என்பதை இந்த நாட்டு அரசு மருத்துவ அமைப்பான என்.ஹெச்.எஸ்.ஸின் சொந்தக் கணக்கெடுப்பே 2015இலிருந்து காட்டி வருகிறது. அதே தவறை உள்ளூர்க்காரி செய்தால் ‘பேசிக்கொள்வோம்’ என்றும் நீங்கள் செய்தால் ‘விசாரணை’ என்றும் ஆனால் எழுதி வையுங்கள், தேதியோடு. நோயாளி ‘இவள் என்னைத் தொடக் கூடாது’ என்று நிறத்தைச் சொல்லித் தள்ளினால் அதற்கும் ஒரு டேட்டிக்ஸ் உண்டு, நீங்களே போடலாம்.

சரி, செவ்வாய்க்கிழமை. ஆர்.சி.என். அல்லது யூனிசன் தொழிற்சங்கத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? சேர்ந்திருந்தால் இன்றைக்கே போன் செய்து, இது வெறும் பேச்சா, முறையான விசாரணையா என்று மேனேஜரிடம் மெயிலில் கேட்டு வாங்கிய பதிலை அவர்களிடம் காட்டுங்கள். முறையானது என்றால் துணைக்கு ஒருவர் வரலாம். சேரவில்லை என்றால் சேருங்கள், ஆனால் சேருவதற்கு முன்னால் நடந்த விஷயத்துக்கு அவர்கள் கை கொடுப்பது கடினம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேட்மென்ட் கேட்டால் நடந்ததை நேரத்தோடு எழுதுங்கள். டாக்டர் வரவில்லை என்பது உண்மை, எழுதலாம். டாக்டர் சோம்பேறி என்பது உங்கள் எண்ணம், எழுதக் கூடாது. மூன்று மணிக்கு எடுத்திருக்க வேண்டியதை எடுக்கவில்லை என்று நீங்களே முதல் ஆளாகச் சொல்லிவிடுங்கள். எடுத்ததாக இப்போது உட்கார்ந்து சார்ட்டில் சேர்க்கிற நினைப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். விட்டதற்கு மன்னிப்பு உண்டு, பொய் சொன்னால் பின் நம்பரே போகலாம்.

‘மன்னித்துவிடுங்கள் மேடம், இனிமேல் செய்ய மாட்டேன்’ என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்பது அங்கே எடுபடாது. அன்று என்ன நடந்தது, ஏன் இரண்டாவது தடவை போன் செய்யவில்லை, அடுத்த தடவை என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டு போங்கள். நோயாளி பெயர் வேண்டாம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க எப்படியும் ஐந்து ரிஃப்ளெக்ஷன் (சொந்த அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கும் குறிப்பு) எழுத வேண்டும், இது முதலாவதாக இருக்கட்டும். கூடவே நீங்களும் கேளுங்கள்: ராத்திரியில் இரண்டாவதாக யாரைக் கூப்பிடுவது என்று யாராவது எனக்கு எழுத்தில் கொடுத்தார்களா? எத்தனை நோயாளிகளுக்கு அன்று நான் ஒருத்தி? ஒரு பிரிசெப்டர் (புதியவர்களுக்கு வழிகாட்டும் நர்ஸ்) வாரத்துக்கு ஒரு தடவை என்னோடு உட்கார முடியுமா? இதைக் கேட்பது திமிர் இல்லை. இவர்கள் ‘அசர்ட்டிவ்’ என்று சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட வார்த்தைக்கு அர்த்தம் இதுதான்.

திரும்பிப் போவது பற்றி. நைட் ட்யூட்டி முடிந்த காலையில் அந்த முடிவை எடுக்காதீர்கள், ஜனவரி மாதத்திலும் எடுக்காதீர்கள். நான் இரண்டு தடவை பெட்டி கட்டினேன், இரண்டும் ஜனவரி. போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. போவதாக இருந்தால் காண்ட்ராக்டை எடுத்து, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று படியுங்கள். ஊருக்குப் போகாமல் வேறு மருத்துவமனைக்கு மாறுவதென்றால், விசா ஸ்பான்சர் விட்டுப்போனால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம், ஆகவே புது வேலை கையில் வராமல் ராஜினாமா வேண்டாம். குழந்தையைக் கூட்டி வர நர்ஸ் விசாவில் வழி இருக்கிறது. கேர் வொர்க்கர்களுக்குத்தான் 2024 மார்ச்சிலிருந்து அது அடைபட்டது. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு ஏஜெண்ட் யாராவது பயமுறுத்தியிருந்தால் நம்பாதீர்கள்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். நீங்கள் காலை எட்டு மணிக்கு ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது, குளிர்காலத்தில் அங்கே மதியம் ஒன்றரை. பாப்பா சாப்பிட உட்காருகிற நேரம். அவளிடம் சிரித்துப் பேசிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி இன்னும் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

கருவாடு வேண்டாம். நைட் ஷிப்டில்கூட வேண்டாம், அந்த வாசம் ஹேண்டோவர் வரைக்கும் இருக்கும். புளிசாதம் கொண்டு போங்கள். ஒரு டப்பா கூடுதலாக.